மலைச்சரிவில் ஒரு வீடு: ராஃப்டா, ஸ்லாபா, கருங்கல் கடைக்காலா?

போன வருஷம் சித்தப்பா போன் பண்ணினார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்ணைக்காட்டுக்குக் கீழே, காப்பியும் சில்வர் ஓக்கும் நிற்கிற ஒரு சின்னத் தோட்டத்தை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு வீடு கட்டிக்கொண்டு மிச்ச காலத்தை அங்கேயே கழிப்பது அவர் திட்டம். ஓய்வின்போது வந்த பணம் முழுக்க அதற்குத்தான் என்று எடுத்து வைத்திருந்தார்.

"ஏம்ப்பா, நீ எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கியே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. அஸ்திவாரத்துக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார்.

மூன்று பேர், மூன்று யோசனை. வேலையை எடுக்க வந்த மேஸ்திரி, "சார், மலையில எதுக்கு ரிஸ்க்கு? முழுசா ராஃப்ட் அடிச்சிடலாம், அசையவே அசையாது" என்றாராம். டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன், அங்கே வீடுகளுக்கு நேராகத் தரையிலேயே கான்கிரீட் ஸ்லாப் போட்டு அதன்மேல் சுவர் எழுப்புகிற வீடியோவை அனுப்பி, "ஒரே நாள்ல முடிஞ்சிடும் மாமா" என்று சொல்லியிருக்கிறான். ஊரில் வயதான கொத்தனார் ஒருவர், "கருங்கல் கடைக்கால் போடுங்க, எங்க தாத்தா காலத்து வீடு இன்னும் நிக்குது" என்று முடித்துவிட்டார்.

நான் கட்டுமானப் பொறியாளர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த மூன்றில் எது சரி என்று தேடப் போய், கேள்வியே தப்பு என்று புரிந்துகொண்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், எது எது என்ன?

"கான்கிரீட் ஸ்லாப் அஸ்திவாரம்" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு.

ஒன்று, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்லாப். 10 செ.மீ கனம் இருக்கும். நம்ம ஊர் வீடுகளில் டைல்ஸுக்கு அடியில் இருப்பது இதுதான். சுவரின் எடையை இது தாங்குவதில்லை. சுவருக்குத் தனியாக அஸ்திவாரம் இருக்கும். வானம் தோண்டி, கருங்கல் கட்டி, மேலே பிளிந்த் பீம் ஓட்டி, நடுவில் மண்ணை நிரப்பி இடித்து, அதன்மேல் தரை போடுவது நம் வழக்கம். கொத்தனார் சொன்னது இது.

இரண்டு, ஓரம் தடித்த ஸ்லாப். நடுவில் மெலிதாகவும், சுவர் வரும் ஓரங்களில் ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குத் தடித்தும் இருக்கும். தரையும் அஸ்திவாரமும் ஒரே வார்ப்பு. அமெரிக்க வீடியோக்களில் அதிகம் தென்படுவது இந்த வகையும் இதன் உறவுகளும்தான்.

மூன்று, ராஃப்ட். வீட்டின் முழுப் பரப்புக்கும் அடியில், மேலும் கீழும் கம்பி கட்டி, ஓர் அடி கனத்திலோ அதற்கு மேலோ வார்க்கும் ஒரே பலகை. எடையை மொத்தப் பரப்புக்கும் பரப்பிவிடும்.

நான்கு, மண்ணையே தொடாமல் தூண்களின் மேல் நிற்கும் ஸ்லாப். மொட்டை மாடித் தளம் மாதிரிதான், கீழே அறைக்குப் பதில் காற்று இருக்கும். சரிவான இடங்களுக்கு இது பழைய வழி.

ஒவ்வொன்றும் ஒரு மண்ணில் பிறந்தது

இந்த வகைகளில் எது உசத்தி என்று ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்துச் சிக்கலுக்குப் பிறந்த பதில்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். நிலவறை தோண்டாமல் நேராகக் கான்கிரீட் ஸ்லாபின் மேல் வீட்டை வைத்ததும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். ஆனால் அது சமதளம். அதே நாட்டில் வடக்கே போனால் குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி ஸ்லாபைத் தூக்கிவிடும். அதனால் உறைபனி இறங்குகிற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரத்தைக் கொண்டுபோவார்கள். மினசோட்டா மாதிரி மாநிலங்களில் அது ஒரு மீட்டருக்கும் மேல்.

கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். ஆனால் வெயில் வந்ததும் போய்விடும். அது புல்லின்மேல் படியும் பனி, மண்ணுக்குள் இறங்கி வீட்டைத் தூக்குகிற பனி இல்லை. ஆகவே அந்தக் கவலை இங்கே வேண்டாம்.

டெக்சாஸின் சிக்கல் வேறு. அங்கே பல இடங்களில் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். அதனால்தான் ஸ்லாபுக்குள் எஃகு வடங்களை வைத்து, கான்கிரீட் இறுகிய பிறகு இழுத்துப் பூட்டுகிறார்கள். நம்மிடமும் அதே குணமுள்ள மண் இருக்கிறது: கோவை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல். அதற்கு நம் நாட்டில் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வேறு ஒரு வழியை வளர்த்தெடுத்தது. ஆழமாகத் துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பும் பைல் அது. கரிசல் சுருங்கி விரிகிற மேல்மட்டத்தைத் தாண்டிக் கீழே போய் ஊன்றிக்கொள்ளும்.

ஆக, அத்தை மகன் அனுப்பிய வீடியோ பொய் இல்லை. அது வேறு மண்ணுக்கான பதில்.

பழனி மலையின் மண்

பழனி மலைத்தொடரின் உடம்பு சார்னோகைட் என்ற கடினப் பாறை. சென்னைப் பல்லாவரத்தில் இருப்பதும் அந்த இனம்தான். நம் வாயில் எல்லாமே கருங்கல். பாறை எவ்வளவு கெட்டியோ, அதன் மேல்தோல் அவ்வளவு மாறுபட்டது. காலங்காலமாக மழையில் மக்கி, மேலே ஓர் அடி கறுத்த மண், அதன் கீழே செம்மண், அதன் கீழே கையால் உதிர்க்க முடிகிற மக்கிய பாறை, அப்புறம்தான் உண்மையான பாறை. இந்த அடுக்குகளின் கனம் பத்தடி தள்ளினால் மாறிவிடும்.

மலையில் சமதளம் கண்ணில் பட்டால் ஆசை வரும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கொடைக்கானல் ஏரி இயற்கையாக வந்தது இல்லை. 1863இல் அன்றைய மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஒரு சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. மேல்மலையில் பள்ளத்தாக்கின் அடியில் மட்டமாகத் தெரிகிற இடம் பல நேரம் அப்படிப்பட்ட சதுப்புதான். மக்காத புல்லும் வேரும் சேர்ந்த, பஞ்சு போல அமுங்குகிற கறுப்பு மண்.

சரிவு வேண்டாம் என்று கீழே போனால் சதுப்பு. சதுப்பு வேண்டாம் என்று மேலே போனால் சரிவு. சித்தப்பாவின் இடம் சரிவு.

நான்கடிக்கு ஒரு அடி

அவர் நிலம் நான்கடி முன்னால் போனால் ஓர் அடி இறங்குகிறது. மலையில் இதைச் சரிவு என்றே யாரும் சொல்லமாட்டார்கள். வரைபடத்தில் வீடு 32 அடி அகலம், 24 அடி ஆழம். அப்படியானால் வீட்டின் பின்சுவருக்கும் முன்சுவருக்கும் இடையில் நிலம் 6 அடி இறங்குகிறது.

இதை மட்டமாக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான். பின்பக்கம் 3 அடி வெட்டு, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி 3 அடி மேடாக்கு. மண்ணை வெளியே கொண்டுபோகும் செலவு இல்லை, வெளியிலிருந்து வாங்கும் செலவும் இல்லை. மேஸ்திரியின் திட்டமும் அதுதான். அதன்மேல் ராஃப்ட்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்பாதி, காலங்காலமாக மலையே அழுத்தி வைத்த மண். முன்பாதி, போன வாரம் கொட்டிய மண். முன்சுவரின் அடியில் 3 அடி, அதாவது சுமார் 900 மி.மீ கனம். சும்மா கொட்டி மேலோட்டமாக மிதித்த மண் ஒன்றிரண்டு மழையில் வெறும் 2 சதவீதம் அமுங்கினால்கூட 18 மி.மீ. இரண்டு செ.மீ கூட இல்லை, இது ஒரு விஷயமா?

விஷயம்தான். வீட்டின் நடுவிலிருந்து முன்சுவர் வரை 12 அடி, அதாவது சுமார் 3,600 மி.மீ. அந்தத் தூரத்தில் 18 மி.மீ இறங்கினால் 200இல் 1 பங்கு சாய்வு. 1956இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் பல கட்டடங்களை ஆராய்ந்து சொன்ன வரம்பு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது: சாய்வு 300இல் 1 பங்கை எட்டினால் சுவர்களில் விரிசல் எதிர்பார்க்கலாம், 150இல் 1 பங்கு என்றால் தூணும் பீமுமே பாதிக்கப்படலாம். நம் 200இல் 1 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

வீடு முழுவதும் ஒரே அளவு இறங்கினால் படிக்கட்டு கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். பாதி நின்று பாதி இறங்கினால்தான் சுவர் கிழியும். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் போய்ப் பார்த்தோம். ஹாலின் பக்கச்சுவரில் கோணலாக ஒரு விரிசல், விரல் நுனி நுழையும். அது எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், வெட்டிய மண் முடிந்து கொட்டிய மண் தொடங்குகிற இடம்.

ராஃப்ட் போட்டால் அசையாதா?

"அதுக்குத்தானே சார் ராஃப்ட்" என்பார் மேஸ்திரி. நியாயமான பதில் மாதிரிதான் தெரியும். ராஃப்ட் கெட்டியானது, பாதி இறங்கினாலும் வளையாது.

முதலில் எடை. ஒரு தளம் மட்டுமே உள்ள காங்கிரீட் கூரை வீடு, சுவரெல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 முதல் 1.5 டன். 30 செ.மீ ராஃப்ட் தன் பங்குக்கு 0.75 டன். மொத்தம் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. கெட்டியான செம்மண் சதுர மீட்டருக்கு 10 டன்னைச் சாதாரணமாகத் தாங்கும். ஆக, எடையைப் பரப்ப வேண்டிய அவசியமே இந்த வீட்டுக்கு இல்லை.

அடுத்து, செலவு. 768 சதுர அடி என்பது 71 சதுர மீட்டர். 30 செ.மீ கனத்தில் 21 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 8 மூட்டை என்றால் 170 மூட்டை சிமெண்ட், எடை 50 டன்னுக்கு மேல். கம்பி தனி. எல்லாம் மலைச்சாலையில் ஏறி, லாரி நிற்கிற இடத்திலிருந்து சித்தாள்கள் தலைச்சுமையாக இறக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது மூன்றாவது. கனடாவில் டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் பசிபிக் ரயில்வே ஒரு பிரம்மாண்டமான தானியக் கிடங்கு கட்டியது. அடியில் கான்கிரீட் ராஃப்ட். 1913 அக்டோபரில் தானியத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது முழுக் கட்டடமும் அப்படியே சுமார் 27 டிகிரி சாய்ந்துவிட்டது. ராஃப்ட் உடையவில்லை. கீழே இருந்த களிமண்தான் தோற்றது. கட்டடம் அவ்வளவு முழுசாக இருந்ததால் பிறகு நிமிர்த்திப் பயன்படுத்தினார்கள்.

ராஃப்ட் தனக்கு மேலே இருப்பதைக் காப்பாற்றும். தனக்குக் கீழே இருப்பதைக் காப்பாற்றாது. சரிவில் கொட்டிய மண் ஈரத்தில் ஊறி நகர ஆரம்பித்தால், அதன்மேல் 50 டன் கான்கிரீட் வைத்தது நகர்வைக் கூட்டத்தான் செய்யும்.

குழி தோண்டிய நாள்

சித்தப்பா முதலில் இடத்தைக் காட்டியது சித்திரையில். எல்லாம் காய்ந்து கெட்டியாக இருந்தது. மலையில் மனை பார்க்க அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஐப்பசியில் மறுபடி போனோம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகப் போனபோது கொடைக்கானல் சாலைகளில் எவ்வளவு மண் சரிந்தது, எத்தனை மரம் விழுந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். மண்ணைச் சோதிக்க வேண்டியது அந்த ஈரத்தில்தான்.

ஆள் வைத்து மூன்று குழி தோண்டினோம், ஆறடி ஆழம். மேல்குழியில் ஓர் அடி கறுத்த மண், அப்புறம் கடப்பாரை குத்தினால் 'டொக்' என்கிற செம்மண், ஐந்தடியில் மக்கிய பாறை. நடுக்குழியிலும் அப்படியே. கீழ்க்குழியில் கதை மாறியது. முதல் மூன்றடி கலவை மண். அதில் ஒரு உரச்சாக்குத் துண்டு, கரி, மக்கிய மரக்கிளை. அதன் கீழே மறுபடியும் ஓர் அடி கறுத்த மண். அதாவது பழைய நிலத்தின் மேல்தோல் புதைந்து கிடக்கிறது. முன்பு தோட்டத்தை வைத்திருந்தவர் பாதை வெட்டியபோது வந்த மண்ணை அங்கே தள்ளியிருக்க வேண்டும்.

ஆக, மேஸ்திரி 3 அடி கொட்டப் போவது ஏற்கெனவே 3 அடி கொட்டிக் கிடக்கும் மண்ணின்மேல். அதுவும் வழுக்குகிற கறுத்த மண்ணின்மேல். மறுநாள் காலை கீழ்க்குழியில் முக்கால் அடி தண்ணீர் நின்றது. மற்ற இரண்டிலும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அந்தக் கீழ்ப்பகுதியில் மட்டும் சில்வர் ஓக் மரங்களின் அடி கத்தி மாதிரி வளைந்து பிறகு நேராகப் போயிருந்தது. மண் மெதுவாக நகர்கிறபோது மரம் சாய்ந்து, பிறகு வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்து வளரும். இத்தனை வருஷமும் மரம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சித்தப்பா ஆசைப்பட்ட ஹால் சரியாக அங்கேதான் வருகிறது. காலையில் எழுந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக் காப்பி குடிக்க வேண்டும் என்றுதான் இந்த இடத்தையே வாங்கினார். குழியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப அந்த வியூ போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் என்ன முடிவானது

திண்டுக்கல்லில் இருந்து ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டி வந்தோம். குழிகளைப் பார்த்துவிட்டு அவர் முதலில் தொட்டது அஸ்திவாரத்தை இல்லை, வீட்டின் வரைபடத்தை. 32-க்கு 24 என்பதை 48-க்கு 16 ஆக்கினார். அதே 768 சதுர அடி. வீடு இப்போது சரிவுக்குக் குறுக்கே நீளமாகப் படுத்திருக்கிறது. ஆழம் 16 அடி என்பதால் நிலம் இறங்குவது 4 அடிதான். அந்த 4 அடியையும் பின்பக்கம் வெட்டி, முழு வீட்டையும் வெட்டிய மண்ணிலேயே வைத்துவிடலாம். ஓர் அங்குலம்கூடக் கொட்டிய மண்ணில் இல்லை.

அது முடிவானதும் அஸ்திவாரக் கேள்வி தானாகச் சுருங்கிவிட்டது. நல்ல செம்மண், ஒரே தளம், சின்ன எடை. கொத்தனார் சொன்ன கருங்கல் கடைக்கால் போதும். சுற்றிலும் பிளிந்த் பீம். உள்ளே 15 செ.மீ பெரிய ஜல்லி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் 10 செ.மீ ஸ்லாப். ஜல்லி எதற்கென்றால், மண்ணின் ஈரம் மெல்லிய துளைகள் வழியாக மேலே ஏறும். பெரிய இடைவெளியில் ஏற முடியாது. மலையில் தரை எப்போதும் ஜில்லென்று கசிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஜல்லியை விட்டுவிடுவதுதான்.

பள்ளத்தாக்கைப் பார்க்கும் பக்கம் 6 அடி வராந்தா. அது மட்டும் தூண்மேல் நிற்கும் ஸ்லாப். தூண்கள் கொட்டிக் கிடக்கும் மண்ணையும் கறுத்த மண்ணையும் துளைத்துக் கீழே செம்மண்ணில் நிற்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தின் 1904ஆம் எண் விதி சரிவுக்கென்று ஓர் அளவு சொல்கிறது: அஸ்திவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்பு வரை கிடைமட்டமாகக் குறைந்தது 90 செ.மீ இருக்க வேண்டும், பாறையென்றால் 60 செ.மீ. பொறியாளர் அந்த அளவைக் கொட்டிய மண்ணைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்தார்.

பின்பக்கம் வெட்டிய 4 அடிக்குத் தடுப்புச்சுவர், நீர் வடிய ஓட்டைகளோடு. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் 4 அடி இடைவெளி, அதில் வடிகால். ஒரே நாளில் 100 மி.மீ மழை பெய்தால் இந்தக் கூரையில் மட்டும் 7,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். மேலே சரிவிலிருந்து வருவது தனி. அதையெல்லாம் வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் ஓடையில் விட வேண்டும். வெட்டிய மண் வீட்டுக்கு முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் தோட்டத்துக்கு இரண்டு படிமேடையாகப் போயிற்று.

இதோடு காகித வேலையும் இருக்கிறது. கொடைக்கானல் தாலுகாவின் ஊர்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன. வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம், வனம் என்று துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். மண் வெட்டும் கனரக இயந்திரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அலைச்சல்தான். ஆனால் "இந்தச் சரிவை வெட்டலாமா" என்று மண்ணைத் தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பது நம் நன்மைக்கு.

செலவு? ராஃப்டில் மிச்சமானது தடுப்புச்சுவரிலும் வடிகாலிலும் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது. "எல்லாக் காசும் மண்ணுக்குள்ளேயே போகுதேப்பா" என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார். போன கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் அவரே போன் பண்ணி, தடுப்புச்சுவர் ஓட்டைகளில் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி வருகிறது என்றும், வீட்டுக்குள் தரை காய்ந்திருக்கிறது என்றும் சொன்னார். வராந்தாவிலிருந்துதான் பேசினார்.

நீங்களும் மலையில் இடம் பார்த்துக்கொண்டிருந்தால், என்ன ஸ்லாப் போடலாம் என்று கேட்பதற்கு முன் ஐப்பசியில் மூன்று குழி தோண்டுங்கள். ஒரு நாள் கூலிதான் ஆகும். கறுத்த மண் கீழே இரண்டாவது முறை வருகிறதா, மறுநாள் காலை எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.